மருத்துவச் சாட்சியம் இல்லாத கொலை வழக்குகள்: லாந்த்ருவும் டாக்டர் லாகுவும்

கொலை வழக்கு என்றாலே பிரேதப் பரிசோதனை அறிக்கைதான் அஸ்திவாரம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். டாக்டர் கூண்டில் ஏறி, எந்தக் காயத்தால் உயிர் போனது, எத்தனை மணிக்குப் போனது என்று சொல்வார். வக்கீல் இரண்டு குறுக்குக் கேள்வி கேட்பார். உடலே கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் டாக்டரால் காரணம் சொல்ல முடியவில்லை என்றால் கேஸ் அத்தோடு தள்ளுபடி என்பது பொதுவான நம்பிக்கை.

உண்மை அதுவல்ல. உடலே இல்லாமல் தூக்குமேடை வரை போன வழக்குகள் உண்டு. உடல் இருந்தும், அதில் ஒரு துளி விஷம்கூடக் கண்டுபிடிக்க முடியாமல், விஷக் கொலை என்று தீர்ப்பான வழக்கும் உண்டு. அது சரியா, தப்பா என்ற கேள்வி என்னைப் பல காலமாகத் தொந்தரவு செய்துவருகிறது. நான் வக்கீல் இல்லை. ஓய்வு பெற்ற குமாஸ்தா. ஆனால் பணிக்காலத்தில் பல வருஷம் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளோடு உட்கார்ந்திருந்தவன் என்பதால், ஒரு மரணம் எப்படிக் காகிதத்தில் ஏறுகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் அக்கறை உண்டு.

முதலில், சட்டம் ஏன் இந்த விஷயத்தில் பயந்தது என்று பார்த்துவிடுவோம்.

1660-ஆம் வருஷம், இங்கிலாந்தில் சிப்பிங் காம்ப்டன் என்ற சிற்றூர். அங்கே ஒரு பிரபுக் குடும்பத்தின் காரியஸ்தர் வில்லியம் ஹாரிசன், எழுபது வயதுக்காரர். ஆகஸ்ட் 16-ஆம் தேதி வாடகை வசூலிக்கப் போனவர் வீடு திரும்பவில்லை. அவருடைய தொப்பி வழியில் கிழிபட்டுக் கிடந்தது. கழுத்துப் பட்டியில் ரத்தக் கறை. அவரைத் தேடிப் போன வேலைக்காரன் ஜான் பெர்ரி, விசாரணையில் என்ன நினைத்தானோ, தன் தாயும் சகோதரனும்தான் அவரைக் கொன்றார்கள் என்று சொல்லிவிட்டான். உடல் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஆனாலும் 1661-இல் மூவரையும் தூக்கில் போட்டார்கள். 1662-இல் ஹாரிசன் உயிரோடு ஊருக்கு வந்து சேர்ந்தார்! தன்னை யாரோ கடத்திக்கொண்டு போய்த் துருக்கியில் அடிமையாக விற்றுவிட்டார்கள் என்று ஒரு கதை சொன்னார். அதை நம்பினவர்களும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. ஆனால் மனுஷர் உயிரோடு வந்து நின்றார், அதை யாரும் மறுக்க முடியாது. செத்துப்போன மூவரைத்தான் திரும்ப அழைக்க முடியவில்லை.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த சர் மாத்யூ ஹேல் என்ற பெரிய நீதிபதி, உடல் கிடைக்காமல், அல்லது கொலை நடந்தது என்று வேறு வகையில் உறுதியாகாமல், யாரையும் கொலைக் குற்றவாளி என்று தீர்க்க மாட்டேன் என்று எழுதிவைத்தார். ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றும் தேசங்களில் அந்த எச்சரிக்கை வெகு காலம் நின்றது. நமக்கும் அந்த வழியாகத்தான் வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் இதை வேறு விதமாக அணுகினார்கள். நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். எங்கள் ஆசிரியர் ஒருவர், பரீட்சை முடிந்து விடுமுறைக்குக் காத்திருக்கும் நாட்களில், பாடத்தை மூடிவைத்துவிட்டு லாந்த்ரு கதை சொல்வார். தாடி வைத்த, மொட்டைத் தலை லாந்த்ரு. பிரான்சில் குழந்தைகளைப் பயமுறுத்த அவன் பெயர் போதும்.

ஆன்ரி தெசிரே லாந்த்ரு, முதல் உலக யுத்த காலத்தில் பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரம் கொடுத்தான். மனைவியை இழந்தவன், குடும்பப் பாங்கான விதவையைத் தேடுகிறான் என்ற தோரணை. யுத்தத்தில் ஆண்களைப் பறிகொடுத்த பெண்கள் நிறைந்திருந்த காலம். அவனோடு தொடர்பு கொண்ட பெண்கள் 283 பேர் என்று போலீஸ் கணக்கெடுத்தது. அவர்களில் பத்துப் பேர், ஒரு பெண்ணின் மகனோடு சேர்த்துப் பதினோரு பேர், 1915-இலிருந்து 1919-க்குள் காணாமல் போனார்கள். பாரிசுக்கு வெளியே வெர்நூயே என்ற ஊரில் ஒரு வீடு, பிறகு காம்பே என்ற கிராமத்தில் ஒரு வீடு. அங்கே அழைத்துப் போவான். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை யாரும் பார்த்ததில்லை. அவளுடைய நாற்காலி, மேஜை, பத்திரங்கள் எல்லாம் இவன் கைக்கு வந்துவிடும்.

அவன் பிடிபட்டதற்குக் காரணம் ஒரு கிராம மேரி அலுவலகம். மேரி என்றால் நகரசபை, புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காணாமல் போன ஒரு பெண்ணின் குடும்பம் காம்பே மேயருக்குக் கடிதம் எழுதியது. வேறொரு பெண்ணின் குடும்பமும் எழுதியது. இரண்டு கடிதத்திலும் ஆணின் பெயர் வேறு வேறு. ஆனால் சொன்ன விவரம் ஒன்று போல இருந்தது. மேயர் இரண்டு குடும்பங்களையும் ஒன்றையொன்று தொடர்பு கொள்ளச் சொன்னார். அங்கிருந்து நூல் பிரிந்தது. 1919 ஏப்ரல் 12-இல், அவனுடைய ஐம்பதாவது பிறந்த நாளன்று, லாந்த்ரு கைதானான்.

உடல் ஒன்றுகூட அகப்படவில்லை. காம்பே வீட்டின் சாம்பலில் எரிந்த எலும்புத் துண்டுகளும் பற்களும் இருந்தன. அவை மனித எலும்புகள் என்று நிபுணர்கள் சொன்னார்கள். யாருடையவை, எப்படிச் செத்தார்கள், எப்போது செத்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. கழுத்தை நெரித்தானா, விஷம் வைத்தானா என்பது இன்றுவரை தெரியாது.

அவனைச் சிக்கவைத்தது அவனுடைய சின்னக் குறிப்புப் புத்தகம். ஆசாமி சரியான கணக்குப்பிள்ளை. செலவு செய்த ஒவ்வொரு காசையும் எழுதிவைப்பான். காம்பே போன ரயில் டிக்கெட் செலவும் அதில் இருந்தது. தனக்குப் போக வரச் சேர்த்து ஒரு டிக்கெட். உடன் வந்த பெண்ணுக்குப் போவதற்கு மட்டும் ஒரு டிக்கெட்.

இந்த இடம் வந்ததும் எங்கள் ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். வகுப்பும் பேசாமல் இருக்கும்.

1921 நவம்பரில் வெர்சாய் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. எழுத்தாளர் கொலெத்கூடப் பார்க்க வந்திருந்தார். லாந்த்ருவின் வக்கீல் மொரோ-ஜியாஃபெரி பெரிய பேச்சாளர். ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ, பின்னால் கட்டியதோ. அவர் வாதத்தின் நடுவே, இறந்துபோனதாகச் சொல்லப்படும் பெண் இதோ வருகிறாள் என்று வாசலைக் காட்டினாராம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தீர்களா, உங்களுக்கே சந்தேகம் இருக்கிறது என்றாராம் வக்கீல். எல்லோரும் பார்த்தார்கள், உங்கள் கட்சிக்காரர் மட்டும் திரும்பவில்லை என்று அரசுத் தரப்பு பதில் சொன்னதாம்.

கதையோ நிஜமோ, பிரெஞ்சு முறையின் சாரம் அதில் இருக்கிறது. அங்கே ஜூரர்களிடம் சட்டம் கேட்பது ஒரே கேள்விதான்: உன் உள்மனதில் உனக்கு உறுதி ஏற்பட்டதா? அதை 'அன்த்தீம் கோன்விக்சியோன்' என்பார்கள். எந்தச் சாட்சியத்தால் ஏற்பட்டது, டாக்டர் சொன்னாரா, ரசாயன அறிக்கை இருக்கிறதா என்று கேட்பதில்லை. தீர்ப்புக்கான காரணத்தைச் சுருக்கமாகவாவது எழுத வேண்டும் என்ற சட்டமே அங்கே 2011-இல்தான் வந்தது. லாந்த்ருவைக் கொலைக் குற்றவாளி என்று ஜூரர்கள் தீர்த்தார்கள். 1922 பிப்ரவரி 25-இல் கில்லட்டினில் அவன் தலை விழுந்தது.

இங்கே என் பழைய உத்தியோகத்தைப் பற்றி ஒரு செய்தி. பிரெஞ்சு முறையில் 'எத்தா சிவில்' பதிவேட்டில் ஒருவர் இறந்த தேதி, நேரம், இடம், பெற்றோர் பெயர் எல்லாம் இருக்கும். எதனால் இறந்தார் என்பது இருக்காது. சிவில் சட்டத்தின் 85-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கொலை, சிறையில் சாவு போன்ற சந்தர்ப்பங்களைப் பதிவேட்டில் குறிக்கவே கூடாது என்கிறது. ஆக, கொன்றவனுக்கும் கொல்லப்பட்டவருக்கும் வீட்டில் படுத்து இறந்தவருக்கும் ஒரே வாசகம்தான். குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் களங்கம் நிற்கக் கூடாது என்பது நோக்கம். நம் 1969-ஆம் வருஷத்துச் சட்டத்தில் அப்படி இல்லை. மரணத்தின் காரணத்தை டாக்டர் எழுதித் தரும் படிவத்துக்கு அதில் இடம் உண்டு. ஒரு காகிதம் காரணத்தைக் கேட்கிறது, இன்னொன்று கேட்க மறுக்கிறது. ஆனால் டாக்டர் எழுதின காரணமே பொய்யான பேரின் மேல் எழுதப்பட்டிருந்தால்? அதுதான் அடுத்த வழக்கு.

பூனாவில் லக்ஷ்மிபாய் கார்வே என்ற விதவை இருந்தார். சொத்து உள்ளவர். சர்க்கரை நோய் உண்டு, காச நோயும் இருந்தது. அவர் வீட்டிலேயே ஒரு பகுதியில் குடியிருந்த டாக்டர் அனந்த சிந்தாமன் லாகுதான் பல வருஷமாக அவருக்கு வைத்தியம் பார்த்தார், கணக்கு வழக்குகளிலும் உதவி செய்தார். 1956 நவம்பர் 12-ஆம் தேதி ராத்திரி, பம்பாயில் பெரிய டாக்டர் ஒருவரிடம் காட்டுவதற்காக அந்த அம்மாளை ரயிலில் அழைத்துப் போனார்.

விடியற்காலை விக்டோரியா டெர்மினசில் ரயில் நின்றபோது அந்த அம்மாளுக்கு நினைவு இல்லை. லாகு அவரை கோகுல்தாஸ் தேஜ்பால் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சேர்க்கும்போது பெயர் கேட்டார்கள். லக்ஷ்மிபாய் என்று சொல்லவில்லை. இந்துமதி என்று வேறு ஒரு பெயரைச் சொன்னார். அன்று மத்தியானத்துக்கு முன்பே, நினைவு திரும்பாமல், அந்த அம்மாள் இறந்துபோனார். சர்க்கரை நோயால் வந்த கோமா என்று காரணம் எழுதப்பட்டது.

உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. உறவினர்களுக்கு விஷயமே தெரியாது. ஆஸ்பத்திரிக்கோ அவர் யாரென்றே தெரியாது. கேட்பாரற்ற பிணம் என்று மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று. பத்து நாள் கழித்துத்தான் பிரேதப் பரிசோதனை நடந்தது. ரசாயனப் பரிசோதகர் விஷம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

பூனாவில் உறவினர்களுக்கு லக்ஷ்மிபாயின் பெயரில் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. தான் ஜோஷி என்பவரை மறுமணம் செய்துகொண்டதாகவும், ஜெய்ப்பூர் பக்கம் ரதோடி என்ற ஊரில் நலமாக இருப்பதாகவும், தன்னைத் தேட வேண்டாம் என்றும். எல்லாம் லாகு ஏற்பாடு செய்த போலிக் கடிதங்கள். அந்த அம்மாளின் பணமும் பங்குகளும் மெல்ல மெல்ல அவர் கைக்கு மாறின. உறவினர்களுக்குச் சந்தேகம் வந்து, புகார் போய், 1958-இல் அவர் கைதானார்.

செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அப்பீல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மூன்று நீதிபதிகள்: எஸ். கே. தாஸ், ஏ. கே. சர்க்கார், எம். ஹிதாயதுல்லா. 1959 டிசம்பரில் தீர்ப்பு. இரண்டுக்கு ஒன்று.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஹிதாயதுல்லா. பின்னாளில் தலைமை நீதிபதியாகவும், 1969-இல் கொஞ்ச நாள் தற்காலிக ஜனாதிபதியாகவும் இருந்தவர். அவர் வாதத்தின் சாரம் இது. விஷம் வைப்பவன் சாட்சி வைத்துக்கொண்டு வைக்க மாட்டான். அதிலும் அவன் டாக்டராக இருந்தால், எந்த மருந்து தடம் இல்லாமல் மறையும் என்று அவனுக்குத் தெரியும். உடலில் விஷம் அகப்பட்டே தீர வேண்டும் என்று கோர்ட் பிடிவாதம் பிடித்தால், கெட்டிக்காரக் கொலைகாரன் எல்லாம் தப்பித்துவிடுவான். மருத்துவம் மௌனமாக இருக்கும் இடத்தில், மற்றச் சந்தர்ப்பங்களையும் குற்றம் சாட்டப்பட்டவரின் நடத்தையையும் சேர்த்துப் பார்த்து, அது இயற்கை மரணம் அல்ல என்ற முடிவுக்குக் கோர்ட் வரலாம்.

சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மரணம் இயற்கையானது அல்ல என்பதே நிரூபிக்கப்படவில்லை, ஆகவே விடுதலை செய்ய வேண்டும் என்றார். அவரும் பின்னாளில் தலைமை நீதிபதியாக ஆனவர்தான். அலட்சியமாக ஒதுக்கிவிடக் கூடிய மனிதர் அல்ல. அவர் பக்கத்து நியாயத்தை நாமும் யோசித்துப் பார்க்கலாம். நோயாளியான ஓர் அம்மாள் ரயிலில் இயற்கையாகவே மயங்கி விழுந்து இறந்திருக்கலாம். கூட இருந்தவர் யோக்கியர் இல்லை. இதுதான் சமயம் என்று சாவை மறைத்துச் சொத்தைச் சுருட்டிவிட்டார். அப்படியானால் அவர் திருடர், மோசடிக்காரர். கொலைகாரர் என்று எப்படிச் சொல்வது? போலிக் கடிதம் எழுதியது, பணத்தை எடுத்தது எல்லாம் சாவுக்குப் பின்னால் நடந்தவை. அவை திருட்டைத்தானே நிரூபிக்கின்றன?

இது பலமான கேள்வி. வெகு நாள் நானும் இதில்தான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு வழக்கின் சம்பவங்களைத் தேதி, நேரப்படி ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஆபீஸ் பழக்கம். அப்போது ஒன்று தனியாகத் தெரிந்தது. பெயரை மாற்றிச் சொன்னது சாவுக்குப் பின்னால் அல்ல. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது. அந்த அம்மாள் அப்போது உயிரோடு இருக்கிறார். டாக்டர்கள் ஊசி போட்டு, நினைவு திரும்புமா என்று பார்க்கப் போகிறார்கள். கண் விழித்தால் முதலில் தன் பெயரைச் சொல்லுவார், பொய் அங்கேயே உடைந்துபோகும். அவர் கண் விழிக்க மாட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்தான் அந்த நேரத்தில் அந்தப் பொய்யைச் சொல்லத் துணிவார்.

லாந்த்ருவின் டிக்கெட்டும் அதே ஜாதிதான். பெண் காணாமல் போன பிறகு அவள் மேஜை நாற்காலியை விற்றது திருட்டுக்குச் சாட்சி. ஆனால் அவளுக்கு ஒருவழி டிக்கெட் வாங்கினபோது அவள் அவன் பக்கத்தில் உயிரோடு நின்றிருந்தாள். அவள் திரும்பி வர மாட்டாள் என்பது ஸ்டேஷனிலேயே அவனுக்குத் தெரியும்.

ஆக, மருத்துவச் சாட்சியம் இல்லாத வழக்கில் நான் தேடுவது இதைத்தான். சாவுக்குப் பின் செய்த பொய்களைக் கூட்டிக்கொண்டே போனால் அது எவ்வளவு உயரமான குவியலானாலும் கொலை ஆகிவிடாது. சாவுக்கு முன்பே அந்தச் சாவை ஒருவன் அறிந்திருந்தான் என்று காட்டும் ஒரு காரியம் வேண்டும். காம்ப்டன் வழக்கில் அப்படி ஒன்று இருந்ததா என்று பாருங்கள். ஒரு கிழிந்த தொப்பி, ஒரு ரத்தக் கறை, குழம்பின மூளைக்காரன் ஒருவனின் வாக்குமூலம். ஹாரிசன் இறக்கப்போகிறார் என்று முன்கூட்டித் தெரிந்து யாரும் எதுவும் செய்ததாக அங்கே இல்லை.

இதே அளவுகோலுக்கு எதிர்ப்பக்கத்து உதாரணமும் இருக்கிறது. அதுவும் பூனாவிலேயே. 1982 ஜூன் மாதம், கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண் இறந்துபோனாள். இங்கே மருத்துவச் சாட்சியத்துக்குக் குறைவே இல்லை, பொட்டாசியம் சயனைடு. கணவன் சாரதாவுக்குக் கீழ்க் கோர்ட் தூக்குத் தண்டனை விதித்து, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 1984-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தப் பெண் தன் சகோதரிக்கும் தோழிக்கும் எழுதியிருந்த கடிதங்களைப் படித்த நீதிபதிகள், அவளே விஷம் அருந்தியிருக்கவும் இடம் இருக்கிறது என்றார்கள். சந்தர்ப்ப சாட்சியத்துக்கு அந்தத் தீர்ப்பு வகுத்த ஐந்து நிபந்தனைகளை இன்றும் நம் கோர்ட்டுகள் எடுத்துக்காட்டுகின்றன. சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது, குற்றமற்றவர் என்ற முடிவுக்கு நியாயமான இடமே இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்த அமர்வில் இருந்த மூவரில் ஒருவர் நம் மண்ணைச் சேர்ந்த நீதிபதி ஏ. வரதராஜன்.

ஒரு வழக்கில் விஷம் அகப்படவில்லை, தண்டனை நின்றது. இன்னொன்றில் விஷம் அகப்பட்டது, தண்டனை நிற்கவில்லை. எதனால் சாவு என்பது ஒரு கேள்வி. யாரால் சாவு என்பது வேறு கேள்வி. டாக்டர் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியும். சில சமயம் இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கிற பதிலே முதல் கேள்விக்கும் வெளிச்சம் காட்டுகிறது. லாகு வழக்கில் நடந்தது அதுதான் என்பது என் அபிப்பிராயம். பெரும்பான்மைத் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தத் தீர்ப்போடு வந்த தூக்குக் கயிற்றை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று நீதிபதிகளில் ஒருவர், அதுவும் எல்லாக் காகிதங்களையும் படித்துவிட்டு, கொலையே நிரூபணமாகவில்லை என்கிறார். அந்த ஒருவருடைய சந்தேகத்துக்கு எங்காவது இடம் வேண்டாமா? சிறையில் இருப்பவனைப் பத்து வருஷம் கழித்தும் வெளியே விடலாம். காம்ப்டன் தாய்க்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த வழி இல்லாமல் போயிற்று.

எங்கள் ஆசிரியர் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தைப் பின்னாளில் ஒரு புத்தகத்தில் படித்தேன். லாந்த்ருவைக் கொலைகாரன் என்று தீர்த்த அதே ஜூரர்கள், தீர்ப்பு சொல்லி முடித்த கையோடு, அவன் உயிரைக் காப்பாற்றும்படி ஜனாதிபதிக்குப் போகும் கருணை மனுவிலும் கையெழுத்துப் போட்டார்கள். ஜனாதிபதி மில்ரான் அதை ஏற்கவில்லை. பிரான்சில் மரண தண்டனை ஒழிய அதற்குப் பிறகு இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று, 1981 வரை. அவர்கள் உள்மனதில் உறுதி ஏற்பட்டது நிஜம், அதனால்தான் குற்றவாளி என்றார்கள். இருந்தும் அதே கையால் அந்த மனுவிலும் கையெழுத்திட்டார்கள். இரண்டுக்கும் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.